பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரல் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். பதினேழு வயதில் தொடங்கிய சிகரெட். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்க ஒன்று, டீக்கு ஒன்று, லோடு ஏற்றக் காத்திருக்கும்போது இரண்டு மூன்று என்று அறுபது வயது வரை நிற்கவே இல்லை. அறுபதில் அவர் மகள் பிடிவாதமாக முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். மார்பு எக்ஸ்ரே எடுத்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, யார் சிகரெட்டை விடச் சொன்னாலும் எடுத்துக் காட்டுவார். ஒன்பது மாதம் கழித்து சளியில் ரத்தம் வந்தது. சி.டி. ஸ்கேன் (உடம்பை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எடுத்துப் பார்த்தால் இதயத்துக்குப் பின்னால் மறைந்தாற்போலப் புற்றுநோய்க் கட்டி, அதற்குள் முதுகெலும்புக்கும் போயிருந்தது.

அவர் போன பிறகு சொந்தக்காரர்கள், அவரோடு வண்டி ஓட்டியவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இருமல்கூட இல்லை. பிறகு எதற்கு ஸ்கேன்?

இருமல் இல்லாதபோது எடுத்தால்தான் இந்த ஸ்கேனுக்கே அர்த்தம். நுரையீரலுக்குள் வலியை உணரும் நரம்பு அநேகமாக இல்லை, அதனால் ஒரு கட்டி உள்ளே பட்டாணி அளவு, எலுமிச்சை அளவு என்று வளர்ந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அது மூச்சுக்குழாயை அடைக்கும்போதோ, விலா எலும்பைத் தொடும்போதோ, வேறு உறுப்புக்குப் போகும்போதோதான் உடம்பு காட்டிக்கொடுக்கும். நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் மூன்றாம், நான்காம் கட்டத்தில் தெரியவருவது இதனால்தான். அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில் 60%க்கு மேல் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் 10%கூட இல்லை. நோய் ஒன்றுதான், எந்த நாளில் பார்த்தோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

வருஷா வருஷம் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறேனே, அது போதாதா?

போதாது. இதைத்தான் என்னால் முடிந்த இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்ரே என்பது மார்பு முழுவதையும் ஒரே தாளில் அழுத்திப் பார்ப்பது. இதயம், விலா எலும்பு, காறை எலும்பு எல்லாம் நுரையீரல் மேல் நிழலாக விழும். அந்த நிழலுக்குப் பின்னால் சின்னக் கட்டி இருந்தால் எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தாலும் தப்பிவிடலாம், அதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்: அமெரிக்காவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்தார்கள், இன்னொன்றுக்கு எடுக்கவில்லை. 2011இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் மரணத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

எக்ஸ்ரேக்கு வேறு பயன்கள் இருக்கின்றன. நிமோனியாவா, டி.பி.யா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். புகைபிடித்தவரின் எக்ஸ்ரேயில் 'நார்மல்' என்று எழுதியிருப்பதைப் புற்றுநோய் இல்லை என்பதற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அப்படியானால் எந்த ஸ்கேன்? வலிக்குமா?

லோ டோஸ் சி.டி. என்று கேட்க வேண்டும், அதாவது குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் மார்பு சி.டி. ஊசி கிடையாது, மருந்து ஏற்றுவது கிடையாது, வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

போன வருடம் என் மாமாவை அழைத்துப் போனேன். குகை மாதிரி இயந்திரத்துக்குள் அரை மணி நேரம் படுக்க வேண்டும் என்று நினைத்துப் பயந்துகொண்டே வந்தார். அது எம்.ஆர்.ஐ. இது பெரிய வளையம் மாதிரிதான் இருக்கும், இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். கழுத்துச் செயினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்தார். "மூச்சை நல்லா இழுங்க, பிடிச்சுக்கோங்க" என்று ஒரு குரல், மேஜை வளையத்துக்குள் நகர்ந்து திரும்பியது, "விடலாம்" என்று மறுபடி குரல். மூச்சுப் பிடித்த நேரம் பத்து விநாடிகூட இருக்காது. சட்டைப் பொத்தான் போடத்தான் அதிக நேரம் ஆனது அவருக்கு, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

யாருக்குத் தேவை? நான் அந்தக் கணக்கில் வருவேனா?

உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. அதிகம் பின்பற்றப்படுவது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் சொன்னது: வயது 50 முதல் 80க்குள், 20 பேக்-இயர் அல்லது அதற்கு மேல் புகைத்திருக்க வேண்டும், இப்போதும் புகைப்பவராகவோ கடைசி 15 வருடத்துக்குள் விட்டவராகவோ இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் வருடம் ஒரு முறை ஸ்கேன். 2013இல் அவர்கள் 55 வயது, 30 பேக்-இயர் என்று வைத்திருந்தார்கள், பிறகு இறக்கினார்கள்.

பேக்-இயர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தவறு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் பாக்கெட் என்றால் 20 சிகரெட். நம் பெட்டிக்கடையில் சாதாரணமாக வாங்குவது 10 உள்ள பாக்கெட், பாதிப் பேர் அதுவும் வாங்காமல் சில்லறையாக ஒன்று ஒன்றாக வாங்குகிறவர்கள். அதனால் பாக்கெட்டை மறந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், அதை 20ஆல் வகுத்து, எத்தனை வருடமோ அதால் பெருக்குங்கள். தினம் 10 சிகரெட், 40 வருடம்: 20 பேக்-இயர். தினம் 20, 20 வருடம்: அதுவும் 20தான். தினம் 5, 30 வருடம் என்றால் ஏழரை.

எல்லா வருடமும் ஒரே மாதிரி பிடித்திருக்க மாட்டோம் இல்லையா? சித்தப்பாவுக்கு நான் பிறகு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளீனராக இருந்தபோது நாலைந்து, சொந்தமாக வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு பதினைந்து, பம்பாய் லைனில் போன வருடங்களில் இருபத்தைந்து. பகுதி பகுதியாகப் போட்டுக் கூட்டினால் 35க்கு மேல் வந்தது. இந்த ஸ்கேனுக்கு உரிய ஆளாகப் பல வருடம் நடமாடியிருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

நான் பீடிதான். சிகரெட் தொட்டதில்லை.

பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சிகரெட் அளவுக்குக் கெடுதி இல்லை என்று நிறையப் பேர் மனதார நம்புகிறார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டிய இலையில் வைக்கும் தூள் ஒரு சிட்டிகைதான், சிகரெட்டில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும், அதனால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. முடிவில் தார், நிகோடின், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சிகரெட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உள்ளே போகிறது.

ஸ்கேனுக்கான விதிகள் எல்லாம் சிகரெட் பிடிக்கும் நாடுகளில் எழுதியவை, பீடிக்கு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட மாற்றுக் கணக்கு கிடையாது. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் 7.7% பேர் பீடியும் 4% பேர் சிகரெட்டும் பிடிக்கிறார்கள், அதாவது நம் நாட்டுக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. நீங்களாகப் பீடியைக் காலாகவோ அரையாகவோ குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எத்தனை வருடம் என்று அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், மற்றதை அவர் எடை போடட்டும்.

விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பயப்பட வேண்டுமா?

விட்டதற்கு முதலில் வாழ்த்துகள். விட்டுப் பத்து வருடம் ஆனால், தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிட ஆபத்து சுமார் பாதியாகக் குறையும், ஆனால் பிடிக்கவே பிடிக்காதவர் அளவுக்கு இறங்குவதில்லை. 15 வருடம் என்ற எல்லைக்கோட்டையே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023இல் எடுத்துவிட்டது. நிறையப் பிடித்திருந்து, வயது 50 தாண்டியிருந்தால், எப்போது விட்டிருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது அவர்கள் நிலை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. விட்ட தேதியைப் பார்த்தா செல் மாறுகிறது?

இது உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா, இல்லை ஸ்கேன் சென்டர் வியாபாரமா?

நல்ல சந்தேகம். இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2002 முதல் 2004 வரை 53,454 பேரைச் சேர்த்து, எல்லாருமே கடுமையாகப் புகைத்தவர்கள், பாதிப் பேருக்கு லோ டோஸ் சி.டி., பாதிப் பேருக்கு எக்ஸ்ரே, மூன்று வருடம் மூன்று முறை. 2011இல் வந்த முடிவு: சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20% குறைவு. 320 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒரு உயிர் தப்பியது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த இன்னொரு ஆய்வு 2020இல் வந்தது. ஆண்களிடம் பத்து வருடத்தில் 24% குறைவு.

320க்கு ஒன்று என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த ஒருவர் வீட்டுக்கு அது முழு எண்.

ஒரு தடவை எடுத்துவிட்டு நிறுத்துவதால் இந்தப் பலன் வராது. அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இந்த வருடம் சுத்தமாக இருந்த நுரையீரலில் அடுத்த வருடம் வரலாம்.

வருஷா வருஷம் எடுத்தால் கதிர்வீச்சாலேயே புற்று வராதா?

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். லோ டோஸ் சி.டி.யில் சுமார் 1.5 மில்லிசீவர்ட். சாதாரண மார்பு சி.டி. அதைப்போல நான்கைந்து மடங்கு. மண், காற்று, வானம் என்று இயற்கையாகவே ஒருவருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 கிடைக்கிறது, மணவாளக்குறிச்சி மாதிரி தாதுமணல் கடற்கரையில் இன்னும் கூடும். ஆகவே ஆபத்து பூஜ்யம் கிடையாது, ஆனால் ரொம்பச் சின்னது, முப்பது வருடம் புகைத்த ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அதைவிடப் பலன் பெரிது. புகைக்காத முப்பது வயதுக்காரருக்கு இதே தராசு மறுபக்கம் சாயும், அவருக்கு எடுக்கக் கூடாது. சீட்டில் 'லோ டோஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் எடுப்பவரிடமும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' இருக்கிறது என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. மாமாவின் ரிப்போர்ட்டிலும் வந்தது, 4 மில்லிமீட்டர். வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை, அத்தை கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். யாராவது முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு நாள் அப்படிப் போயிருக்காது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நாட்யூல் என்றால் நுரையீரலில் தெரியும் சின்ன முடிச்சு. பழைய தொற்று ஆறிய தழும்பு, சின்ன நெறிக்கட்டி, எதுவாகவும் இருக்கலாம். நம் நாட்டில் டி.பி. கிருமி வந்து போன அடையாளம் எத்தனையோ பேரின் நுரையீரலில் உண்டு, அவர்களுக்கே தெரியாது. அந்த அமெரிக்க ஆய்விலேயே 100 ஸ்கேனில் சுமார் 24இல் ஏதோ ஒன்று தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றில் 96%க்கு மேல் புற்றுநோய் இல்லை. டி.பி. அதிகமுள்ள இங்கே இந்தத் தொல்லை கூடத்தான் செய்யும். எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துத் தள்ள வேண்டாம் என்று நம் மருத்துவர்கள் தயங்குவதற்கு இது நியாயமான காரணம்.

அளவுதான் முக்கியம். முதல் ஸ்கேனில் தெரியும் கெட்டியான முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் வழக்கமாக அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்தில். 8க்கு மேல் என்றால் மூன்று மாதத்தில், இன்னும் பெரிது என்றால் உடனே பெட் ஸ்கேன் (கட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று காட்டுவது), பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) என்று போகும். வளர்கிறதா என்பதுதான் கேள்வி, அதனால் பழைய ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது.

அவசரப்பட்டுப் பயாப்சி எடுத்துவிட்டால்?

அதுதான் இந்த ஸ்கேனின் உண்மையான கெடுதல். நெஞ்சு வழியாக ஊசி விட்டுச் சதை எடுக்கும்போது சிலருக்கு நுரையீரலில் காற்றுக் கசிந்து சுருங்கிவிடும், சிலருக்கு ரத்தம் வரும். இன்னொன்றும் உண்டு: மெதுவாக வளர்ந்து, ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் தராத கட்டியைக் கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது. அதனால்தான் ஸ்கேனை எங்கே எடுக்கிறோம் என்பதைவிட, அதைப் படித்துப் பொறுமையாக முடிவெடுக்கிற நுரையீரல் மருத்துவர் யார் என்பதை முதலில் பாருங்கள். சின்ன முடிச்சுக்கு அடுத்த நாளே ஊசி என்றால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள், தப்பே இல்லை.

மூன்று வாரமாக இருமல், கொஞ்சம் எடையும் குறைந்திருக்கிறது. இந்த ஸ்கேன் எடுக்கலாமா?

நீங்கள் இந்தப் பக்கத்தில் நிற்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சளியில் ரத்தம், குரல் கம்மல், ஆறாத தோள்வலி, மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் மெலிவது, இதில் எது இருந்தாலும் இப்படித்தான். இது முன்கூட்டிப் பார்க்கும் வேலை கிடையாது, நோயைத் தேடும் வேலை, அதற்கு வேறு ஸ்கேன், வேறு சோதனைகள்.

அப்புறம் ஒரு விஷயம். நம் ஊரில் இருமலும் எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தால் டி.பி. என்று மாத்திரை தொடங்குவது நடக்கிறது. பெரும்பாலும் அது டி.பி.யாகவே இருக்கும். ஆனால் புகைத்தவராக இருந்து, சளிப் பரிசோதனையில் கிருமி வராமல், மாத்திரை தொடங்கி ஓரிரு மாதம் ஆகியும் நிழல் குறையவில்லை என்றால், "வேறு ஏதாவது இருக்குமா, சி.டி. எடுக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டி.பி. மாத்திரையிலேயே நாலைந்து மாதம் போய், அதற்குள் புற்று முற்றியவர்கள் புற்றுநோய் வார்டுகளில் இருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா? பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' போட்டிருக்கிறார்களே.

வேண்டாம். நுரையீரல் புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்க அவை உதவாது. அந்தப் பணத்தை ஸ்கேனுக்கு வையுங்கள்.

தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் இருக்கிறதா?

இந்தியாவில் நுரையீரல் புற்றுக்கென்று தேசிய ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களை முன்கூட்டிப் பார்ப்பது) திட்டம் இல்லை. அரசு நடத்தும் பரிசோதனைகள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கும்தான். அதனால் யாரும் உங்களைக் கடிதம் போட்டுக் கூப்பிட மாட்டார்கள், நீங்களேதான் போய்க் கேட்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். தனியாரில் எடுப்பதானால் கட்டணத்தை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள், வருடாவருடம் வரப்போகும் செலவு என்று நினைத்து முடிவெடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. இங்கிலாந்தில் 55 முதல் 74 வயதுக்குள் எப்போதாவது புகைத்தவர்களை அழைத்துப் பேசி, ஆபத்து அதிகம் என்றால் இலவசமாக ஸ்கேன் எடுக்கிறார்கள். கடை வாசல் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஸ்கேன் லாரி வந்து நிற்கும். கனடாவின் ஒன்டாரியோவில் 55 முதல் 80க்குள், மொத்தம் 20 வருடமாவது தினமும் புகைத்தவர்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் 50 முதல் 70 வயதுக்குள், 30 பேக்-இயர், பத்து வருடத்துக்குள் விட்டவர்கள் அல்லது இன்னும் பிடிப்பவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டொராண்டோவின் ஸ்கார்பரோவிலோ லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ இருக்கும் அப்பாவுக்குக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று கிழித்துப் போடாமல் படித்துக் காட்டுங்கள்.

அம்மா புகைத்ததே இல்லை. ஆனால் விறகு அடுப்பு, அப்பாவின் புகை.

இரண்டுமே ஆபத்தைக் கூட்டுபவைதான், புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் புகைத்தவர்களிடம் மட்டும் நடந்தவை, ஆகவே அம்மாவுக்கு வருடாந்திர ஸ்கேன் என்று நானாகச் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் புற்று வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஆலோசியுங்கள். இருமல் நீடித்தால் 'பெண்பிள்ளைக்கு என்ன வரப்போகிறது' என்று விடாதீர்கள்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால் தொடர்ந்து பிடிக்கலாமா?

சித்தப்பாவின் பிளாஸ்டிக் உறைதான் நினைவுக்கு வருகிறது. அந்த அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களைப் பின்னால் பிரித்துப் பார்த்தபோது, ஏழு வருடம் புகையைத் தொடாமல் இருந்தவர்களுக்குக் கிடைத்த பலன், ஸ்கேனால் கிடைத்த அதே 20% அளவுக்கு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். மாரடைப்பும் பக்கவாதமும் குறைவது தனி.

விட முடியவில்லை என்றால் மனவலிமை இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், நிகோடின் அப்படிப்பட்டது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பபிள்கம் மாதிரி மெல்லாமல், மெதுவாக நாலைந்து கடி கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

அப்பா வரவே மாட்டேன் என்கிறார். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும், தெரிஞ்சு என்ன பண்ண?"

மாமாவும் இதேதான் சொன்னார். புற்று என்றால் சாவு என்று அவர் பார்த்தது எல்லாம் கடைசிக் கட்டத்தில் கண்டுபிடித்தவர்களை. சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, தொடர்ந்து வாழ்பவர்களும் இருக்கிறார்கள், அறுவைச் சிகிச்சை தாங்காத உடம்பு என்றால் குறி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். இத்தனை வருடம் பிடித்ததற்குத் திட்டவில்லை, அதை வேண்டுமென்றே தவிர்த்தேன், திட்டினால் கிளம்பவே மாட்டார் என்று தெரியும். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்து, எந்த வயதில் தொடங்கினேன், எந்த வருடங்களில் எத்தனை, எப்போதெல்லாம் விட்டேன், டி.பி. வந்ததா, என்ன வேலை செய்தேன், சிமெண்டா கல் உடைக்கிற தூசியா, கூடப்பிறந்தவர்களில் யாருக்குப் புற்று வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒரு நோட்டுத் தாளில் எழுதினேன். மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே பதில் இருந்தது. அவருக்கு அடுத்த ஸ்கேன் ஐப்பசியில்.